பன்னிரண்டு மணி முறை

முதலில் நினைவுக்கு வருவது ஒரு பாய். பத்தமடையில் சொல்லிவைத்து நெய்து வாங்கிய பாய். பட்டுச் சேலையைப் போல மடித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு மெல்லிய கோரை. கோயிலுக்கு என்று தெரிந்ததும் நெய்கிறவர், ஓரத்தில் ஒரு சிலுவை போட்டுத் தரட்டுமா என்று கேட்டாராம். என் மாமனார் சற்று யோசித்துவிட்டு, சிலுவை வேண்டாம், எங்கள் வீட்டுப் பேரின் முதலெழுத்தைப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தார். சிவப்புச் சாயத்தில் எழுத்து நன்றாகத்தான் விழுந்திருந்தது. அதன்மேல் முழங்கால் போட்டு ஜெபிக்கத்தான் அந்தப் பாயை வாங்கினோம். வாங்கியவர்கள் யாரும் அதன்மேல் முழங்கால் போடவில்லை.

இதை எழுதவேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வருகிற மாதம் தொடங்கி நாற்பது நாள் சங்கிலி ஜெபம் என்று அறிவித்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டது, விஷக்காய்ச்சலும் ஒரு சுற்று வந்து போய்விட்டது, நம்முடைய சபைக்கு மட்டும் பெரிய சேதம் இல்லை, ஆகவே தேவனுக்கு நன்றி சொல்லி எழுப்புதலுக்காக மன்றாட வேண்டும் என்றார்கள். வெளியே வந்ததும் சங்கத்துப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "ஒங்களுக்கு எந்த நேரம் போடட்டும்க்கா?" என்று கேட்டார்கள். முன்னே ஒருமுறை இது நடந்தபோது முறை எடுத்து ஜெபித்தவர்களில் நானும் ஒருத்தி என்று பேர். அந்த நாற்பது நாளில் எப்படி ஜெபித்தோம் என்று வந்து சொல்லும்படியும் கேட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கும் இப்படித்தான் தலைவலி என்று சொல்லித் தொடங்கியது, அது வழியிலேயே நினைவுக்கு வந்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தாமிரபரணிக் கரையில், கால்வாய்ப் பாசனத்தில் இருபோகம் விளைகிற ஊர். என் மாமனாரின் தகப்பனார் தெற்கே பனங்காட்டிலிருந்து வெறும் கையோடு வந்து இங்கே குடியேறியவர். அவர் காலத்துக் கோயில் ஓலைக் கூரை. பஞ்சத்தில் ஒருவேளைக் கஞ்சியை விட்டுவிட்டு உபவாசம் இருந்தார்களாம். அதை என் மாமியார் பெருமையாகச் சொல்லுவாள், சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி நெய் விடுவாள். எங்கள் தலைமுறைக்குள் கருங்கல் கோயில் வந்துவிட்டது, முன்வரிசையில் வீட்டுக்கு வீடு பெஞ்சு வந்துவிட்டது, தூத்துக்குடியில் பஞ்சுக் கிட்டங்கி வந்துவிட்டது. பக்கத்துச் சேகரத்துக் கோயிலின் கோபுரத்தைவிட எங்கள் கோபுரம் ஒரு முழமாவது உயர வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களை யாரும் எழுப்புவதில்லை, அது மரியாதைக் குறைவு. எங்கள் வயலில் நடுகிறவர்களும் அறுக்கிறவர்களும் அதே சபையார்தான். அவர்கள் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தூக்கம் வந்தால், கோயில் ஊழியம் பார்க்கிற உபதேசியார் பிரம்பைத் தரையில் தட்டுவார்.

அந்த வருஷம் வடக்கே எங்கோ மலைநாட்டில் எழுப்புதல் உண்டாகி, ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுகிறார்கள் என்று மாதப் பத்திரிகையில் வந்தது. எங்கள் ஐயர் அதைப் பிரசங்கத்தில் வாசித்தார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஒல்லியான மனுஷர், அடிக்கடி இருமுவார். எதைச் சொன்னாலும் "ஆகட்டும் ஐயரே" என்று சொல்லிவிட்டுப் பிறகு எதையும் செய்யாத ஜனங்களோடு ஒன்பது வருஷம் காலம் தள்ளியவர். ஆனால் இந்தத் தடவை சபைக் கமிட்டியில் உற்சாகம் பிறந்துவிட்டது. மலையில் இருக்கிறவர்களுக்கு எழுப்புதல் வந்திருக்கிறது, நமக்கு வராமல் இருப்பதா என்று கிட்டத்தட்ட ரோஷமாகவே பேசினார்கள். கோயிலுக்குத் தெற்கே இருந்த சின்ன அறையை வெள்ளையடித்து ஜெப அறையாக்கினார்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரத்தைப் பன்னிரண்டு பெரிய வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் முழங்கால் போட வேண்டும், நடுவில் சங்கிலி அறுந்துவிடக் கூடாது. உபதேசியார் மணிக்கொருதரம் சின்ன மணியை அடிப்பார். வயலில் வேலை செய்கிற ஜனங்களுக்கு நேரம் எதுவும் ஒதுக்கவில்லை. அவர்களுக்கு ஏது நேரம் என்று யாரோ இரக்கமாகத்தான் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை விழுந்தது. வீட்டில் அந்த முறை என் பொறுப்பு என்று மாமனார் சொல்லிவிட்டார். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள் நான். நன்றாக ஜெபிக்கிறவள் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. பெண்கள் கூட்டத்தில் நான் ஜெபித்து முடித்ததும் இரண்டொருவர் கண்ணைத் துடைப்பார்கள். துடைக்கிறார்களா என்று நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்ததும் உண்டு.

முதல் நாளே நல்ல வெயில். எனக்கு உண்மையாகவே தலைவலி. பதினொன்றே முக்கால் ஆனதும் கொல்லைப்பக்கம் போய், எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொள்கிற தொழுவத்துக்காரியைக் கூப்பிட்டேன். முப்பது வயது இருக்கும், பார்த்தால் நாற்பதுக்கு மேல் சொல்லலாம். புருஷன் கொழும்புத் தோட்டத்துக்குப் போனவன், தகவல் இல்லை. ஒரே ஒரு பெண் குழந்தை. கருக்கலில் வந்து சாணி அள்ளிப் பால் கறந்து வைத்தால், பகல் பன்னிரண்டுக்கு ஒரு மணி நேரம் அவளை வீட்டுக்கு விடுவோம். மகளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து, இருட்டும்வரை நிற்பாள்.

"இன்னைக்கு எனக்கு மண்டையிடி. கோயில் ஜெப அறையில போய் ஒரு மணி நேரம் முழங்கால்ல நின்னுட்டு வாளா," என்றேன்.

அவள் பயந்துவிட்டாள். "நானாம்மா? எனக்கு என்னம்மா ஜெபம் பண்ணத் தெரியும்?"

அதற்கும் வழி சொன்னேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்லிக் கொடுத்தேன். தூத்துக்குடியில் என் வீட்டுக்காரரின் வியாபாரம், மாமியாரின் முழங்கால் வலி, கோபுர வேலை தடையில்லாமல் முடிவது, சபையில் எழுப்புதல். நான்கு விரலையும் மடக்கி, திருப்பிச் சொல்லிக் காட்டினாள். தப்பில்லாமல் சொன்னாள். கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். அடுத்த நாள் வீட்டில் விருந்தாளி. மூன்றாம் நாள் எனக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் பன்னிரண்டு ஆனதும் அவளே வந்து, "போயிட்டு வரட்டுமாம்மா?" என்று நின்றாள். சரி என்றேன். அதோடு அது அவள் வேலையாகிவிட்டது. தொழுவம், பால், சங்கிலி ஜெபம்.

எங்கள் வீடு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஆள்தான் போய்க்கொண்டிருந்தது. வண்டிக்காரன், நெல் குத்துகிறவள், தண்ணீர் பாய்ச்சுகிறவன். எங்களுக்கு அது விசித்திரமாகவே தோன்றவில்லை, அதுதான் இப்போது எனக்கு ஆச்சரியம். இந்த ஆற்றுப் பாசனத்தில் வருஷா வருஷம் கால்வாய் வெட்டித் தூர் எடுக்க வீட்டுக்கு ஒரு முறை வரும். முறை வந்தால் ஆள் அனுப்புவோம். ஆள் போய் நின்றால் அந்த வீடு போய் நின்றதாகக் கணக்கு. ஜெபத்துக்கும் முறை என்று சொன்னதும் எங்கள் கை தானாக ஆளைத் தேடியது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், "ஒங்க வீட்டு முறை தவறலையே?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். தவறவில்லை என்று எல்லாரும் திருப்தியாகவே சொன்னோம்.

மூன்றாம் வாரம் தொழுவத்துக்காரி பால் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "பிள்ளைக்கு நடுக்கக் காய்ச்சம்மா. விட்டு விட்டு வருது," என்றாள். எங்களைப் போன்ற மலையடிவாரத்து ஊரில் அந்தக் காய்ச்சல் வராத வீடு கிடையாது. நான் படி அரிசியும் ஒரு பொட்டலம் மிளகும் கொடுத்தேன். "கசாயம் வச்சுக் குடு. ஆண்டவர்ட்ட சொல்லு, கேப்பாரு," என்றேன். "சரிம்மா," என்றாள். அறுவடைக் காலம், அவள் தெருவில் பகலில் ஆளே இருக்காது. அந்தப் பிள்ளைக்குப் பகல் கஞ்சி கொடுக்கிற நேரத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை நினைத்துப் பார்க்கவில்லை. அவள் தன் வீட்டுக்குப் போகிற நேரத்தில்தான் கோயிலுக்குப் போகிறாள். கோயிலிலிருந்து வந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். காலையில் தலைமாட்டில் மூடி வைத்துவிட்டு வருகிற கஞ்சியைப் பிள்ளை எழுந்து குடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

முப்பத்திரண்டாம் நாள் ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் பத்தமடைப் பாய், சுருட்டினபடியே இருந்தது. நார்க்கட்டுகூட அவிழ்க்கவில்லை. மாமனாருக்கு முன்னால் அதை வைத்துவிட்டு இருமினார். முதல் நாள் வந்த வண்டிக்காரன் இவ்வளவு நல்ல பாயை மிதிக்கப் பயந்து ஓரமாக வைத்துவிட்டு வெறும் தரையில் முழங்கால் போட்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே செய்திருக்கிறார்கள். இதை ஐயர் கோபமில்லாமல் சொன்னார். அவருக்குக் கோபப்படவும் தெம்பில்லை என்று எனக்குத் தோன்றியது.

மாமனார் சிரித்துவிட்டார். "ஐயரே, வாய்க்கா வெட்டுக்கு மொற வந்தா நானா மம்பட்டியத் தூக்கிக்கிட்டுப் போவுதேன்? ஆளு போவுது, வேல நடக்குது. இதுலயும் ஒரு நாளாவது மொற தவறிச்சா, சொல்லும்."

"தவறல அண்ணாச்சி," என்றார் ஐயர். "வாய்க்கால யாரு வெட்டுனாலும் தண்ணி ஒங்க வயலுக்கு வந்துரும். இது அப்படி வராது."

மாமியார் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, இன்னும் எட்டு நாள் இருக்கிறது, வீட்டார் வந்தால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் தெருமுனை தாண்டியதும் மாமனார், ஐயருக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்தால் தேவலை என்றார். எல்லாரும் ஆமாம் என்றோம். ஆனால் அந்தப் பாயைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு நாள் கூச்சத்தோடேயே இருந்துவிட்டு, முப்பத்துநாலாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனந்திரும்பிப் போனேன் என்று சொன்னால் பொய். ஐயர் பார்க்கும்படி ஒரு நாள் போய்விட்டு வரலாம் என்றுதான் போனேன். நான் போவதற்குள் அவள் வழக்கம்போல் முந்திப் போயிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. வேப்பமர நிழலில் நின்றேன், உள்ளே அவள் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வியாபாரம். மாமியாரின் கால். கோபுரம். எழுப்புதல். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் ஒன்றுகூட மாறவில்லை. பிறகு மறுபடியும் வியாபாரத்திலிருந்து தொடங்கினாள். மாமியாரின் காலுக்காகக் கேட்கும்போது அவள் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. தினம் சாயங்காலம் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறவள் அவள்தான், வலி எப்படிப்பட்டது என்று எங்களைவிட அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் நின்று கேட்டேன். மகளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

மணி அடித்ததும் முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தவள், என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஒன் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"நேத்தையிலேர்ந்து கஞ்சி எறங்கல. கண்ணத் தொறக்க மாட்டேங்கு."

"அதுக்காக ஏன்ளா நீ ஜெபம் பண்ணல? நான் இங்கனதான நின்னேன். கேட்டுக்கிட்டுதான இருந்தேன்."

அவளுக்கு நான் கேட்டது புரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "இது ஒங்க வீட்டு மொறல்லாம்மா. ஒங்க நேரம். அதுல எம் பிள்ளைக்குக் கேட்டா களவுல்லா? ராத்திரி வீட்டுல கேப்போம்னுதான் நெனைக்கேன். தலையச் சாச்ச ஒடனே கண்ணு சொக்கிருதும்மா."

இத்தனை வருஷம் எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. அந்த வேப்பமரத்தடியில் அடைந்த வெட்கத்தைப் போல ஒன்றை நான் எந்தப் பிரசங்கத்திலும் அடைந்ததில்லை. "நீ வீட்டுக்குப் போ. சாயங்காலம் மாட்ட வேற ஆளு பாத்துக்கிடும். நாளையிலேர்ந்து இந்த நேரத்துக்கு நான் வாரேன்," என்றேன். அவள் தயங்கினாள். வேலை போய்விடுமோ என்று பயந்தாள் போலிருக்கிறது. அப்படி இல்லை என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் போனாள். கொஞ்ச தூரம் நடந்தவள் பிறகு ஓடினாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு நான் அந்த அறையில் தனியாக முழங்கால் போட்டேன். கூட்டத்தில் ஆறாகப் பெருகுகிற வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. கேட்க யாரும் இல்லாத இடத்தில் எனக்கு ஜெபிக்கவே தெரியவில்லை என்று கண்டுகொண்டேன். கால்மணி நேரத்தில் முழங்கால் நோவெடுத்தது. வியாபாரம், கோபுரம் எல்லாம் நாவில் வந்தது, சொல்லப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்காகவாவது கேட்போம் என்று "ஆண்டவரே" என்று தொடங்கினேன். அவள் பேர் எனக்குத் தெரியவில்லை. எங்கள் தொழுவத்து ஆறு பசுவையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். தாயின் இடுப்பில் வந்து, பிறகு கையைப் பிடித்துக்கொண்டு வந்து, எங்கள் கொல்லையில் சாணி பொறுக்கின பிள்ளையின் பேர் தெரியவில்லை. "தொழுவத்துக்காரி மகள்" என்று சொல்லித்தான் கேட்டேன். மூன்று நாள் அப்படித்தான் கேட்டேன்.

அந்த ஜெபத்தின் பலன் என்ன என்று சங்கத்துப் பெண்கள் கேட்பார்கள். நாற்பதாம் நாளில் சங்கிலி அறாமல் முடிந்தது என்று ஸ்தோத்திர ஆராதனை வைத்து, எல்லாருக்கும் அசனம் போட்டார்கள். பெஞ்சுக்காரர்களுக்கு முதல் பந்தி. எழுப்புதல் வரவில்லை. வரவில்லை என்று ஐயரைத் தவிர யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. கோபுரம் மறு வருஷம் முடிந்தது. ஐயர் வறண்ட காட்டுப் பக்கம் ஒரு சின்னச் சேகரத்துக்கு மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் பெரிதாக மாறிவிடவில்லை. அதே பெஞ்சில்தான் உட்காருகிறேன். கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன், அவ்வளவுதான். வயதாவதற்கு முன்னாலேயே களைத்துப்போய்விட்டேன்.

அசனத்துக்கு மூன்று நாள் முன்னால், முப்பத்தேழாம் நாள், நான் முறை முடித்து வெளியே வரும்போது உபதேசியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டரைக்குப் பிள்ளை இறந்துவிட்டது என்றார். மாமியாரிடம் கேட்காமல் நேரே அந்தத் தெருவுக்குப் போனேன். கலியாணமாகி இந்த ஊருக்கு வந்த ஐந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் கால் வைத்தேன். தொழுவத்துக்காரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கஞ்சிக் கலயம் பாதி இருந்தது. "ரெண்டு வாய் குடிச்சாம்மா. எம் மொகத்தப் பாத்துக்கிட்டே குடிச்சா," என்றாள். ஒருவேளை நான் கேட்டதற்குக் கிடைத்தது அதுதானோ என்னவோ. அந்த நேரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். பிறகு அவள் நிமிர்ந்து, என் குடையையும் வேர்வையையும் பார்த்துவிட்டு, "மொற விட்டுப் போவலையேம்மா?" என்று கேட்டாள். போகவில்லை என்று சொல்லிவிட்டு அழுதேன். என்னைத் தேற்ற அவள் கையை நீட்டினாள்.

வெயில் தாழ்ந்ததும் அடக்கம் செய்தார்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கால்வாய்க் கரையில் அவர்களுக்கென்று ஒரு மேடு உண்டு. பெரிய வீட்டுப் பெண்கள் அங்கே போவதில்லை. நான் போய் நின்றேன். அறுப்பு வயலிலிருந்து அப்படியே வந்த ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், அரிவாள்கூட இடுப்பில் இருந்தது. சிலரை அடையாளம் தெரிந்தது, எங்கள் பன்னிரண்டு வீட்டுக்காகத் தரையில் முழங்கால் போட்டவர்கள். எனக்கு இடம் விட்டு அவர்கள் ஒதுங்கினார்கள், நான் ஒதுங்க வேண்டாம் என்றேன். ஐயர் இருமி முடித்துப் புத்தகத்தைத் திறந்தார். மண்ணை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் பேரைச் சொன்னார். அந்தப் பேரை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.